ஏழு சீட்டரா, செடானா? டெஸ்ட் டிரைவ் போயும் குழப்பம் தீரவில்லை, உதவுங்கள்

ஐந்துரோடுவாசி எழுதியது:

வணக்கம். சேலத்தில் இருக்கிறேன். வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகள், மூன்று வயது மகன், அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். ஆத்தூரில் இருக்கும் அக்காவும் மாமாவும் விசேஷ நாட்களில் சேர்ந்துகொண்டால் ஏழு பேர் ஆகிவிடுவோம். மனைவியும் ஓட்டுவார் என்பதால் ஆட்டோ கியர் கட்டாயம். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 17 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஏழு சீட்டரில் மாருதி எர்டிகா ஆட்டோமேட்டிக், செடானில் ஹோண்டா சிட்டி சிவிடி, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.0 ஆட்டோமேட்டிக் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு ஏழு சீட்டரான கியா கேரன்ஸும் பிடித்திருந்தது. ஆனால் அதில் சாதா பெட்ரோல் இன்ஜினுக்கு ஆட்டோ கியர் இல்லை, டர்போவுக்குப் போனால் பட்ஜெட் இடிக்கிறது.

எல்லா ஷோரூமிலும் நேரான நல்ல ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிட்டார்கள். எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை, எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியவில்லை. இரண்டு சந்தேகம்:

மேம்பாலம் ஏறும்போது சிட்டியில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தேன். இன்ஜின் சத்தம் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது, வேகம் மெதுவாகத்தான் ஏறியது. கிளட்ச் தேய்ந்த வண்டி போல இருந்தது. டெமோ வண்டியில் ஏதாவது கோளாறா?

எர்டிகா, நானும் சேல்ஸ் தம்பியும் மட்டும் இருந்தபோது லேசாகப் போனது. ஏழு பேரோடு ஏற்காடு ஏறுமா?

கியர்பாக்ஸ்பித்தன்:

முதல் சந்தேகத்துக்குப் பதில்: கோளாறு இல்லை சார், சிவிடி அப்படித்தான். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பல்சக்கரங்கள் கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லி, நடுவில் ஒரு எஃகு பெல்ட், அவ்வளவுதான். நீங்கள் முழுதாக மிதித்தால் அது இன்ஜினை அதிக சக்தி தரும் சுற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தி வைத்துவிட்டு, புல்லியின் விகிதத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வரும். சிட்டி இன்ஜின் 121 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 6,600 சுற்றில், அதனால்தான் அந்த இரைச்சல். பாதி மிதியில் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. டவுனுக்குள் சிவிடி போல வழுவழுப்பான கியர்பாக்ஸ் குறைவு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை இழுத்தால் ஏழு படிகளாகப் பிரித்துக்கொடுக்கும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதைப் பயன்படுத்துங்கள். மறுபடி ஒருமுறை அதே மேம்பாலத்தில் நிதானமாக மிதித்து ஏறிப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். பழகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஏற்காடுவளைவு:

ஏற்காடு அடிவாரத்தில்தான் வீடு. அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் எந்த வண்டி எப்படி ஏறுகிறது என்று தினமும் பார்க்கிறேன். எர்டிகா ஏழு பேரோடு ஏறும், அதில் சந்தேகமே வேண்டாம். எப்படி ஏறும் என்பதுதான் கேள்வி. அதன் 1.5 லிட்டர் இன்ஜின் தருவது 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 4,400 சுற்றில். விர்டஸின் ஒரு லிட்டர் டர்போ 178 தருகிறது, 1,750 சுற்றிலிருந்தே. வளைவில் கிட்டத்தட்ட நின்று திரும்பி மறுபடி கிளம்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். எர்டிகாவை இரண்டாம் கியரில் பிடித்து, சுற்றை ஏற்றியே வைத்திருக்க வேண்டும். ஏசி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தம் போடும். அது வண்டிக்குக் கெடுதல் இல்லை, ஓட்டுபவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மலை இறங்கும்போது டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டு பிரேக்கிலேயே வராதீர்கள். எர்டிகா ஆட்டோவிலும் பேடில் இருக்கிறது. கியரை இறக்கி இன்ஜின் பிடியில் வாருங்கள்.

நட்சத்திரமேமுக்கியம்:

பாதுகாப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே? விர்டஸுக்கு 2023-ல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டுக்கும் 5 நட்சத்திரம். எர்டிகாவுக்கு 2024-ல் பெரியவர் பாதுகாப்பில் 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. 2025-ல் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஏர்பேக் எண்ணிக்கையும் பாடியின் உறுதியும் ஒன்றல்ல. விபத்து அதிகம் நடக்கும் தொப்பூர் கணவாயைத் தாண்டி அடிக்கடி போகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு பேர் சேர்வது வருடத்தில் சில நாட்கள்தானே? அன்றைக்கு ஒரு இன்னோவாவை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். மற்ற நாட்களுக்கு ஐந்து பேரும் உறுதியான செடானில் போங்கள். விர்டஸின் டிக்கியும் 521 லிட்டர். எர்டிகாவில் மூன்று வரிசையும் விரித்தால் 209 லிட்டர்தான் மிஞ்சும்.

மருமகளும்ஓட்டுநரும்:

அண்ணா, நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் மாமியாருக்கும் முழங்கால்தான். நீங்கள் இன்னும் யாரையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போகவில்லை என்று தெரிகிறது. ஸ்டியரிங் பிடிப்பவர் எந்த வண்டியையும் ஓட்டிப் பழகிக்கொள்வார். பின்னால் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது முடியாது.

அம்மாவைக் கூட்டிப்போய் ஒவ்வொரு வண்டியிலும் பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். செடானில் சீட் தாழ்வு, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிடும். எழும்போது மொத்த உடம்பையும் முழங்காலை வைத்தே தூக்க வேண்டும். எர்டிகா மாதிரி வண்டியில் சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கும், பக்கவாட்டில் நகர்ந்து காலைக் கீழே ஊன்றினால் போதும். "எனக்கு எதுவானாலும் சரிப்பா" என்று அம்மா சொல்வார். அதை நம்பாதீர்கள். இறங்கும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாரா, முன்சீட்டைப் பிடிக்கிறாரா, உங்கள் தோளைத் தேடுகிறாரா?

இன்னொன்று, ஏழு சீட்டர் வாங்குகிற நிறையப் பேர் யோசிக்காதது. மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசை சீட்டை மடித்து நகர்த்த வேண்டும். மகனுக்குக் குழந்தை சீட் மாட்டினால் அந்தப் பக்கத்தை மடிக்க முடியாது. அதனால் அதை டிரைவருக்குப் பின்னால் மாட்டுங்கள், இடது பக்கம் வழியாக இருக்கட்டும். ஆனால் அந்த இடது சீட்டில்தான் அம்மா உட்காருவார். அப்படியென்றால் ஒவ்வொரு டீக்கடையிலும் அம்மா முதலில் இறங்கி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்னாலிருந்து மாமா இறங்கிய பிறகுதான் எல்லாரும் நகர முடியும். இதைத் தாங்குவீர்களா என்று ஷோரூமிலேயே ஒருமுறை ஏழு பேரும் ஏறி இறங்கிப் பாருங்கள். வாக்கரையும் கொண்டுபோங்கள், மூன்று வரிசையும் விரித்தபிறகு அது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

மகளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து மலை ஏறாதீர்கள். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட், ஆட்டம் அதிகம், முன்னால் ரோடும் தெரியாது. மூன்றாவது வளைவிலேயே வாந்திதான்.

கியர்பாக்ஸ்பித்தன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஷோரூம் டெமோ வண்டி பெரும்பாலும் டாப் வேரியண்ட்டாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியண்ட்டில் சீட் உயரம் மாற்றும் வசதி, பின்ஏசி, டயர் அளவு எல்லாம் அதேபோல இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் காற்றையும் பாருங்கள், கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது சில சமயம். காற்று குறைவாக இருந்தால் எந்த வண்டியும் மெத்தென்று ஓடும். முடிந்தால் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு, கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டி ஒன்றை எடுத்து, குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றுங்கள். வாடகை சில ஆயிரம் ஆகும். 17 லட்சம் போடுவதற்கு முன்னால் அது செலவே இல்லை.

ஐந்துரோடுவாசி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடியே செய்தோம். சிட்டியிலும் விர்டஸிலும் அம்மா இறங்கும்போது ஒரு கை கதவில், ஒரு கை என் மணிக்கட்டில். விர்டஸில் கொஞ்சம் தேவலை, ஆனால் இரண்டாவது முறை ஏறச் சொன்னபோது "இருக்கட்டும்பா" என்று வெளியிலேயே நின்றுவிட்டார். எர்டிகாவில் அவரே இறங்கி வாக்கரைக் கேட்டார்.

வாடகைக்கு ஒரு எர்டிகா ஆட்டோ எடுத்து அக்கா, மாமாவோடு ஏற்காடு போய்வந்தோம். வளைவுகளில் சொன்ன மாதிரியே இரைச்சல், பேடிலை இழுத்து இரண்டில் வைத்தால் நிதானமாக ஏறியது. மாமா கடைசி வரிசையில் முழங்காலை மடக்கித்தான் உட்கார்ந்தார், ஒரு மணி நேரத்துக்குப் பரவாயில்லை என்றார். வாக்கர் பின்கதவோரம் நிமிர்ந்து நின்றது, அதைத் தவிர இரண்டு பை வைக்கத்தான் இடம். சிட்டியின் கியர்பாக்ஸ் பாதி மிதியில் அருமையாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

நட்சத்திரம் பற்றி வீட்டில் நிறையப் பேசினோம். மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் தினமும் அம்மா படுகிற பாட்டைப் பார்த்தபிறகு எர்டிகாதான் என்று முடிவாகிவிட்டது. பின்சீட்டில் எல்லாரும் பெல்ட் போடுவது, நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் போவதில்லை, இரண்டையும் எழுதாத சட்டமாக வைத்திருக்கிறோம்.

புக் செய்யுமுன் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நட்சத்திரமேமுக்கியம்:

அம்மாவுக்காக என்றால் சரியான காரணம்தான் சார். மகனின் குழந்தை சீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள்.

ஆன்ரோடுகணக்கு:

சாலை வரியைப் பாருங்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஏற்றியபிறகு, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். அந்த 10 லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு வேரியண்ட்டுக்கு நடுவே வரியிலேயே 50,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து இந்த அளவு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியே ஒரு விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

டெலிவரிக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள், பணம் முழுதும் கட்டுவதற்கு முன்பே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம் செய்தது. ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்காதீர்கள். வண்டி தயாரான மாதம் பில்லில் இருப்பதும் சேசிஸ் தகட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும்.