பம்ப் கேட்லாகில் அதிகபட்ச ஹெட், அதிகபட்ச ஃப்ளோ: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி:
வணக்கம். கீழ் டேங்கிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற சென்ட்ரிஃபியூகல் பம்ப் ஒன்று தேர்வு செய்ய வேண்டும். தேவை மணிக்கு 30 கன மீட்டர். கீழ் டேங்கின் நீர்மட்டத்திலிருந்து மேல் டேங்கில் தண்ணீர் விழும் இடம் வரை 18 மீட்டர் உயரம். 3 இன்ச் இரும்பு பைப், மொத்தம் 70 மீட்டர், எட்டு எல்போ, ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கேட்லாகில் ஒரு பம்ப்புக்கு அதிகபட்ச ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) 26 மீட்டர், அதிகபட்ச ஃப்ளோ 45 என்று இருக்கிறது. ரெண்டுமே என் தேவைக்கு மேலதான், எடுத்துடலாமா?

பழைய ஃபிட்டர்:
அவசரப்படாதீங்க தம்பி. அந்த ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்காது. 26 மீட்டர்ங்கிறது டெலிவரி வால்வை மூடி வச்சா வர்றது, அப்போ ஒரு சொட்டுகூட மேல போகாது. 45ங்கிறது ஹெட் ரொம்பக் குறைஞ்ச இடத்துல வர்ற ஃப்ளோ. உங்களுக்கு வேண்டியது கர்வ், அதாவது எவ்வளவு ஃப்ளோவுக்கு எத்தனை மீட்டர் ஹெட்னு காட்டுற வரைபடம். அதுல 30க்கு நேரா எத்தனை மீட்டர்னு பாருங்க.

18 மீட்டர் வெறும் உயரம்தான். அந்தப் பைப்புல 30 ஓடினா வேகம் நொடிக்கு 1.7 மீட்டர் பக்கம் வரும். எல்போ, வால்வு எல்லாம் சேர்த்து உராய்வுக்கு 4, 5 மீட்டர் போகும். ஆக 23. கொஞ்சம் கையிருப்போட 25ன்னு கேளுங்க. மூடின நிலையிலேயே 26 தர்ற பம்ப், 30 ஓடும்போது 25 தரும்னு நான் நம்பல.

செலவைக் குறைக்கிறோம்னு 2 இன்ச் பைப் போட்டுடாதீங்க. அதே ஃப்ளோவுக்கு உராய்வு ஏழு, எட்டு மடங்கு ஆயிடும். அதுக்காக 40 மீட்டர் பம்ப் வாங்குறதும் தப்பு. அது தேவைக்கு மேல தள்ளி மோட்டாரை ஓவர்லோடு ஆக்கும். இல்லன்னா வால்வைப் பாதி மூடியே ஓட்டி கரண்டை வீணாக்கணும்.

வால்வு:
தண்ணி எவ்வளவு சூடு? பம்ப் எங்க உட்காருது?

கேள்வி கேட்டவர்:
80 டிகிரி சார். டேங்க் மூடாததுதான். பம்ப் ரூம் மேல இருக்கு, நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் உயரத்துல.

வால்வு:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும், ஹெட்டைவிட இதுதான் முக்கியம். கடல் மட்டத்துல காற்றழுத்தம் அந்தச் சூட்டுத் தண்ணிக்கு 10.6 மீட்டருக்குச் சமம். 80 டிகிரியில ஆவி அழுத்தத்துக்கு 5 மீட்டர் போயிடும். உறிஞ்சும் உயரம் 3, சக்ஷன் பைப் உராய்வு அரை மீட்டர்னு வைங்க. மிச்சம் 2 மீட்டர்தான். கர்வ்ல என்பிஎஸ்எச் கோடு (தண்ணி உள்ள கொதிக்காம இருக்க பம்ப்போட உறிஞ்சுற வாயில மிச்சம் இருக்க வேண்டிய மீட்டர்) 30க்கு நேரா 3ன்னு இருந்தா, இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுழல்ற சக்கரம்) வாய்லயே தண்ணி கொதிச்சுக் குமிழ் வெடிக்கும். உள்ள ஜல்லி உருள்ற மாதிரி சத்தம் கேக்கும், கொஞ்ச நாள்ல இம்பெல்லர் அரிச்சுப் போயிடும்.

பம்ப்பைக் கீழ இறக்குங்க. டேங்க் பக்கத்துல, நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழ வச்சா அதே கணக்கு 6 மீட்டர் பக்கம் வரும். மெக்கானிக்கல் சீலும் (பம்ப் தண்டு வழியா தண்ணி கசியாம தடுக்குறது) 80 டிகிரி தாங்குற ரகமான்னு கேட்டுக்குங்க.

பழைய ஃபிட்டர்:
சரியாச் சொன்னீங்க. மோட்டாருக்கு: ஃப்ளோவையும் ஹெட்டையும் பெருக்கி 367ஆல வகுங்க, அப்புறம் எஃபிஷியன்சியால வகுங்க. 30, 25, 60 சதவீதம்னா 3.4 கிலோவாட். 3.7 மோட்டார் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும், 5.5 போடுங்க. கர்வ் கைக்கு வந்ததும் 30க்கு நேரா இருக்கிற ஹெட், என்பிஎஸ்எச், எஃபிஷியன்சி மூணையும் இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.