மொரிஸ் மைனர் காருக்கு டட்சன் எஞ்சின் ஏத்தின கதை, உங்கட கதையையும் போடுங்க

கல்லடியான்:

போன கிழமை கல்லடிப் பாலத்தடியில ஒரு தம்பி என்ட காரை மறிச்சு "அண்ணன், இது மைனர்ட சத்தம் இல்லையே" எண்டான். நல்ல காது. அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இஞ்ச எழுதுறன், பழைய கார்ல பெரிய எஞ்சின் போட்ட ஆக்கள் நீங்களும் எழுதுங்க.

அப்பாட கார். மொரிஸ் மைனர் 1000, 948 சிசி, ரெண்டு கதவு. 78 சூறாவளிக்கு தென்னை விழுந்து பின்கூரை நசுங்கினது, டிங்கரிங் செஞ்ச இடத்தைக் கையால தடவினா இண்டைக்கும் தெரியும். மறுகா 2004 டிசம்பர் 26, கடல் வந்த அண்டு முத்தத்துல நிண்ட காருக்குள்ள ஜன்னல் மட்டத்துக்கு உப்புத்தண்ணி. அந்த நேரம் ஆர் காரைப் பாத்தது, சனத்தைத் தேடித் திரிஞ்ச நேரம். ரெண்டு வருஷம் கழிச்சு பிளக்கைக் கழட்டி எண்ணெய் விட்டு ஹேண்டிலைப் போட்டு நானும் மச்சானும் தொங்கிப் பாத்தம், அசையல்ல. ஹெட்டைக் கழட்டினா நாலு பிஸ்டனும் துருவோட துருவா ஒட்டிக் கிடக்கு.

கொழும்புல பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ரெண்டு தரம் போய் ஒரு டட்சன் சன்னி (Sunny) கார்ட எஞ்சின் எடுத்தன், ஏ12, 1171 சிசி, 5 கியர் பொக்ஸோட. பழையது 37 குதிரைவலு, இது எழுபதுக்குக் கிட்ட. "ஜப்பான்காரனை மைனருக்குள்ள ஏத்துறியாடா" எண்டு பெரியப்பா ஏசினாரு. நான் சொன்னன், மைனர்ட எஞ்சினே ஒஸ்டின்காரன் செஞ்சது, டட்சன் செய்யிற நிசான்காரன் 50கள்ல ஒஸ்டின் லைசன்ஸ்ல கார் செஞ்சு தொழில் பழகினவன், ஆகவே இது சொந்தத்துக்குள்ள கலியாணம்தான் எண்டு. அவருக்குச் சிரிப்பு வரல்ல.

எஞ்சின் இறக்கி ஏத்தினது ரெண்டு நாள், மாமரத்துல செயின் புளொக் கட்டித்தான். மைனர்ல கியர் பொக்ஸுக்கு மேல இருக்கிற தகடு பொல்ட்ல கழரும், அதால ஆக்கள் நினைக்கிற அளவுக்கு வெட்டுக் கொத்து இல்ல, மவுண்டுகள் புதுசா அடிச்சம், புரொப்பலர் ஷாப்டை, அதான் கியர் பொக்ஸ்ல இருந்து பின் சில்லுக்குச் சுழற்சி கொண்டு போற தண்டை, வெட்டிக் கட்டையாக்கினம், லீவர் கொஞ்சம் பின்னுக்கு சீட்டுக்குக் கிட்ட வந்துட்டு.

மூணாம் நாள்தான் கூத்து. மைனர் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பெட்டரிட பொசிட்டிவைத்தான் பொடியில பூட்டுறது. டைனமோ காலத்துப் பழக்கம். எங்கட மெக்கானிக் பாஸ் முப்பது வருஷமா அப்படியே பூட்டினவர், கை தானாப் போய் அப்படியே பூட்டிட்டு. இப்ப பெட்டரி சார்ஜ் பண்ண இருக்கிறது டட்சன்ட ஆல்டனேட்டர், அதுக்கு நெகட்டிவைத்தான் பொடியில பூட்டணும். வயரை வைச்ச உடனே "ஸ்ஸ்" எண்டு ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மீன் கருகின மாதிரி ஒரு மணம். ஆல்டனேட்டருக்குள்ள இருக்கிற டயோட் எல்லாம் எரிஞ்சு முடிஞ்சுது. பாஸ் ஒண்டும் பேசல்ல, கையைத் துடைச்சிட்டுப் போய் வேலியடியில நிண்டு சிகரெட் பத்தவைச்சாரு. அடுத்த நாள் வேற ஆல்டனேட்டரை அவரே கொண்டு வந்தாரு, காசு கேக்கல்ல, நானும் கதைக்கல்ல.

முதல் தூரப் பயணம் பதுளை. செங்கலடியில கிறுகி கரடியனாறு, புல்லுமலை எல்லாம் பறந்தம், அஞ்சாம் கியர்ல மைனர் போற மாதிரியே இல்ல. மஹா ஓயாக்குக் கிட்டப் போகக்குள்ள பொனட்டுக்குள்ள இருந்து ஆவி. மைனர்ல சூடு பாக்கிற மீட்டரே இல்லையே, ஆவி வந்தாத்தான் தெரியும். மஹா ஓயால ஏற்கெனவே வெந்நீர்க் கிணறு இரிக்கு, நான் வேற ஒண்டு கொண்டு போய்க் குடுத்தன். காரணம் என்னெண்டா பழைய ரேடியேட்டர், அதோட டட்சன்ட ஃபேன் ரேடியேட்டருக்கு நேரே வராம தள்ளி நிக்குது, ஃபேனைச் சுத்தி மூடுற கூடும் இல்ல, காத்தை எங்கால இழுக்கிற. கராஜ்ல தெர்மோஸ்டாட்டை, தண்ணி சூடாகிற வரைக்கும் ரேடியேட்டருக்கு விடாம வைச்சிருக்கிற வால்வை, கழட்டி எறியச் சொன்னாங்க, எறிஞ்சன், அதால ஒண்டும் ஆகல்ல. கடைசில கரண்ட் ஃபேன் போட்டு, தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் பூட்டி, மீட்டர் ஒண்டும் வைச்சாப் பிறகுதான் சரி.

ஆனா பயந்தது அதுக்கில்ல, திரும்பி வரக்குள்ள. லுணுகலையில இருந்து பிபிலைக்கு இறங்கிறம், மனிசியும் சின்னவனும் பின்னால. பழைய எஞ்சின்ல இறங்கினா வேகமே எடுக்காது, இது எடுக்குது. நாலு சில்லும் டிரம், முன்னுக்கு 7 அங்குலம், 948க்குக் குடுத்த அதே பிரேக். நாலஞ்சு வளைவுக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி நிக்குது, கார் நிக்குதில்ல. மிதிக்கிறன், மிதிக்கிறன், கருகின மணம்தான் வருது. மனிசி "என்னப்பா மணக்குது" எண்டு கேக்கிறா, நான் பதில் சொல்லல்ல, மூணுக்குப் போட்டன், ரெண்டுக்குப் போட்டன், எஞ்சின் கத்தின கத்து இன்னும் காதுல கிடக்கு. பள்ளமில்லாத பக்கமா ஒரு கல்லுக்குவியல்ல ஏத்தி நிப்பாட்டினன். பின்னால வந்த லொறி டிரைவர், மலைநாட்டு ஆள், இறங்கி வந்து சில்லைத் தொடாம கையை மட்டும் கிட்டக் காட்டிட்டு, "தம்பி, ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியருங்க, உங்க அப்பா சொல்லித் தரலயா?" எண்டாரு. அப்பா சொல்லித்தான் தந்தவரு. அவர் சொன்னது 37 குதிரைக்கு எண்டு நினைச்சிட்டன்.

வந்து பிரேக்கைக் கழட்டினன். பெடலை மிதிக்க பிரேக் எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் மைனர்ல டிரைவர்ட காலுக்குக் கீழ சேசிக்குள்ள, உப்புத்தண்ணி குடிச்ச இடம். அதுட பொல்டை வெளிய எடுக்க முன் சில்லுக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற டோர்ஷன் பார் கம்பி குறுக்க நிக்கும், அதையும் தளத்தணும். ஒரு மாசம். முன்னுக்கு பிந்தின 1098 சிசி மைனர்ட 8 அங்குல டிரம் போட்டன், பின் அச்சுல இருக்கிற டிஃபரன்ஷலும் அதுடதான், பல்லு விகிதம் 4.22. முந்தின 4.55ல முதல் கியர் எருமை இழுக்க மட்டும்தான் சரி.

சம்மாந்துறை கேஈ20:

மாஷா அல்லாஹ், பிள்ளைகளோட தப்பினீங்களே அதுதான். என்ட கதை இவ்வளவு பெரிசு இல்ல. வாப்பாட கொரோல்லா கேஈ20, 3கே எஞ்சின் 1166 சிசி, அதுக்கு லைட்ஏஸ் வேன்ட 5கே, 1486 சிசி போட்டன். ஒரே குடும்பம் எண்டு சொல்லித் தந்தாங்க, மவுண்ட் எல்லாம் அப்படியே உக்காந்துட்டு, ஆனா வேன் எஞ்சின்ட சம்ப், அதான் கீழ இருக்கிற எண்ணெய்த் தட்டு, காருக்குச் சரிவராது, பழைய 3கேட சம்பையும் எண்ணெய் உறிஞ்சுற குழாயையும் சேத்து மாத்தணும். நான் சம்பை மட்டும் மாத்தினன், குழாயை மறந்துட்டன். சம்மாந்துறையில இருந்து கல்முனைச் சந்திக்கு வரக்குள்ளயே எண்ணெய் லைட் கண்ணைச் சிமிட்டுது. நல்ல காலம் உடனே ஓஃப் பண்ணினன், தள்ளிக்கொண்டு போக்குள்ள பாத்த சனத்துல பாதிப் பேர் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்.

செங்கலடி லேத்:

நான் இந்த வேலை செய்யிறவன், மைனருக்கு புரொப்பலர் ஷாப்ட் வெட்டிக் குடுத்திருக்கன். ரெண்டு விஷயம் கல்லடியானுக்கு. ஷாப்டை வெட்டி வெல்ட் பண்ணினா பெலன்ஸ் பாக்காம ஓடாதீங்க, 40 மைலுக்கு மேல கார் நடுங்கினா அதுதான். மற்றது முன் சில்லுட கீழ் டிரனியன், சில்லு திரும்புற மரை போட்ட கீழ் மூட்டு, அதுக்கு கிரீஸ் அடிக்கிறீங்களா? அடிக்காம விட்டா மரை தேஞ்சு ஒருநாள் சில்லு பக்கத்தால படுத்திரும், அநேகமா மெதுவா திருப்பக்குள்ளதான் போகும். வேகத்துல போனா என்ன நடக்கும் எண்டு நான் எழுதல்ல. உங்கட கார் உப்புத்தண்ணி குடிச்சது வேற.

அக்கரைப்பற்று:

எஞ்சின் வாங்கின பில்லை வைச்சிருங்க அண்ணன். நான் எஞ்சின் மாத்தின கார் ஒண்டு வாங்கி, பதிவுப் புத்தகத்துல ஒரு இலக்கம் எஞ்சின் புளொக்ல வேற இலக்கம், வித்தவரிட்ட பில் இல்ல, என்ட பேருக்கு மாத்த நான் பட்ட பாடு போதும்.

கல்லடியான்:

பில் இரிக்கு, புத்தகமும் திருத்தின. லேத் அண்ணன், உங்கட எழுத்தை வாசிச்சிட்டு ஜாக்கி வைச்சுப் பாத்தன். இடப்பக்கம் கையால ஆட்ட ஆடுது. நாளைக்குக் கொண்டு வாறன், காலமை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? ஓடிக்கொண்டு வரல்ல, லொறியில ஏத்தித்தான் வாறன்.