மன்னார்குடிக்காரர் குறைத்த ஏழு லட்சமும் அதில் ஒட்டிக்கொண்ட 62,000 ரூபாயும்

குடந்தை கணக்கன்:
போன வாரம் ஒரு தம்பி, "லக்சுரி காருக்குப் பேரம் படியுமா" என்று கேட்டிருந்தார். அதற்கு மன்னை மைனர் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி கூட இறங்கவில்லை, அதனால்தான் இந்தத் தனி இழை. 62 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) ஜெர்மன் வண்டியில் ஏழு லட்சம் குறைத்தாராம். "பேரம் பேசத் தெரியாதவன் மாட்டு வண்டி வாங்கட்டும்" என்று நமக்கெல்லாம் உபதேசம் வேறு. அந்த ஏழு லட்சத்தை அவரே பிரித்தும் காட்டியிருந்தார்: பில்லில் குறைத்தது மூன்றரை லட்சம், பழைய இன்னோவாவைக் கொடுத்ததற்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் ஒரு லட்சம், இன்சூரன்ஸை வெளியில் எடுத்ததில் 95,000, ஹேண்ட்லிங் சார்ஜை நீக்கச் சொன்னதில் 25,000, இலவச சர்வீஸ் பேக்கேஜ் 68,000, கடைசியாக டி.சி.எஸ். என்னும் வரிப் பிடித்தம் 62,000.

கூட்டிப் பார்த்தேன், சரியாக ஏழு லட்சம். கூட்டலில் தப்பில்லை. ஆனால் டி.சி.எஸ். எப்படி ஐயா தள்ளுபடி ஆகும்? பத்து லட்சத்துக்கு மேல் கார் வாங்கினால் டீலர் ஒரு சதவீதம் வசூலித்து நம் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்டுகிறார். 2016 ஜூனிலிருந்து இதுதான் நடைமுறை. ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், வரியே இல்லையென்றால் திரும்பி வரும். நம் பணம் நமக்கே வருகிறது, டீலர் பையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. 22 வருடம் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், 62,000 தள்ளுபடி இல்லை.

மன்னை மைனர்:
வாருங்கள் கணக்கன் அண்ணே, எங்கே இன்னும் காணோமே என்று பார்த்தேன். வண்டி வாங்கியவன் நான், பணம் கொடுத்தவன் நான், வயிற்றெரிச்சல் மட்டும் உங்களுக்கு. சேல்ஸ் மேனேஜரே பேப்பரில் ஒவ்வொன்றாக எழுதி, டி.சி.எஸ்.ஸையும் கழித்து, கீழே நிகர விலை என்று கோடு போட்டுக் கொடுத்தார். எனக்குத் திரும்பி வரும் பணம் எனக்கு வரவு, வரவு வந்தால் விலை குறைந்தது என்றுதான் அர்த்தம். இதற்கு ஆடிட்டர் ஆபீசில் 22 வருடம் உட்கார வேண்டுமா? மூன்று தடவை ஷோரூமிலிருந்து எழுந்து வெளியே வந்தேன், மூன்றாவது தடவை அந்த ஆள் பார்க்கிங் வரைக்கும் ஓடி வந்தான். கும்பகோணத்தில் குத்துவிளக்கை எடை போட்டு வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

தஞ்சாவூர் தலையாட்டி:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. (பெயருக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறான் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) என் சகலை விஷயத்தில் இதைவிடக் கூத்து. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியதே, அதுவரை பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீதம், அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரி 22, ஆக 50. அன்றிலிருந்து செஸ் போய் மொத்தமாக 40. அரசாங்கம் குறைத்த அந்தத் தொகையை டீலர் "தீபாவளி சிறப்புச் சலுகை" என்று கொட்டேஷனில் போட்டுக் கொடுக்க, சகலை அதை ஃபிரேம் போடாத குறைதான். அப்புறம் இன்னொன்று, மெர்சிடிஸில் 2021 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க ஒரே விலை. ஸ்டாக் கம்பெனியுடையது, பில் கம்பெனி போடுவது, டீலர் வண்டியைக் காட்டி டெலிவரி கொடுப்பதோடு சரி. அங்கே போய் மூன்று தடவை எழுந்து வெளியே வந்தால் கார் கதவை மரியாதையாகத் திறந்து விடுவார்கள், அவ்வளவுதான்.

மன்னை மைனர்:
நான் வாங்கியது மெர்சிடிஸ் என்று யார் சொன்னது?

குடந்தை கணக்கன்:
எந்த வண்டி என்பது கேள்வியே இல்லை, தலையாட்டி சார் இழையைத் திருப்ப வேண்டாம். கேள்வி 62,000. சகலையின் ஜி.எஸ்.டி. கதையும் இதே கதைதான், டீலர் கொடுக்காததை எல்லாம் டீலர் கொடுத்ததாக எழுதிக்கொள்வது. நாளைக்கு மைனர் காருக்குப் பெட்ரோல் போட்ட இடத்தில் இலவசமாகக் காற்றடித்ததையும் ஏழு லட்சத்தில் சேர்ப்பார்.

கடைமடைக்காரன்:
மேட்டூரில் திறந்த தண்ணீர் அத்தனையும் எங்கள் வேதாரண்யம் பக்கம் வந்து சேருகிறதா? தள்ளுபடியும் அப்படித்தான். கம்பெனி டீலருக்கு விடுவது ஒன்று, வழியில் நிற்பது ஒன்று, வாங்குகிறவன் வாய்க்காலுக்கு வருவது ஒன்று. மாதக் கடைசியில் டார்கெட்டுக்கு இரண்டு வண்டி குறைகிறது என்றால் மதகைத் திறப்பான். மைனர் போனது டிசம்பர் கடைசி வாரம். வருடம் புரண்டால் பழைய வருடத் தயாரிப்பு என்று ஆகிவிடும், அந்த வண்டியைத் தள்ளிவிட டீலரே தவித்துக்கொண்டிருப்பான். மைனர் எழுந்து வந்ததால் ஓடி வரவில்லை, தேதி ஓடியதால் ஓடி வந்தான். கம்பெனி கொடுக்கும் ஃபாரம் 22 சான்றிதழில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

மன்னை மைனர்:
பார்த்தேன். ஜூலை. அதனால் என்ன, நெல்லா முளைத்துவிட?

திருவையாறு அக்கா:
ஆண்கள் சண்டைக்கு நடுவில் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டிக்கு நான் தனியாகத்தான் சென்னை போனேன், சம்பாதித்தது நான், கையெழுத்தும் நான். "சார் வரலையா மேடம்?" என்று நான்கு பேர் கேட்டார்கள். ஷோரூம் பெயர் வேண்டாம். கலர் கேட்லாக்கை என்னிடம் கொடுத்துவிட்டு விலையை என் கூட வந்த டிரைவரிடம் பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? அப்புறம்தான் பையிலிருந்து இன்சூரன்ஸ் கொட்டேஷன் மூன்றை எடுத்து வைத்தேன். டீலரிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. புது காருக்கு மூன்றாம் தரப்பு காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். அவர்கள் அதையும் மூன்று வருடமாகப் போட்டிருந்தார்கள். வெளியில் எடுக்கிறேன் என்றதும் அதே கம்பெனி பாலிசியை அவர்களே 80,000 குறைத்துத் தந்தார்கள். ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) ஒன்றுதானா என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், அதைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைப்பது பழைய வித்தை.

குடந்தை கணக்கன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் இன்சூரன்ஸில் குறைந்தது நிஜமாகவே குறைந்த பணம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஹேண்ட்லிங் சார்ஜும் அப்படியே. யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டி வர நம்மிடம் 25,000 கேட்பது அநியாயம், நீக்கியது நியாயம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் பற்றிக்கூட நான் வாய் திறக்கவில்லை. அதிலும் கேள்வி உண்டு, இன்னோவாவை ஆறு லட்சத்துக்கு மதிப்புப் போட்டு மேலே ஒரு லட்சம் போனஸ் என்றார்கள், வெளியில் அதற்கு ஏழே கால் கேட்டதாக மைனரே இரண்டு மாதம் முன் எழுதியிருந்தார். விடுங்கள். என் பிரச்சினை டி.சி.எஸ். மட்டும்தான். அதுவும் இவர் வருமானம் முழுக்க விவசாயம், அதற்கு வரி இல்லை, அதனால் ரிட்டர்னே போட்டதில்லை என்று பெருமையாக எழுதியவர். ரிட்டர்ன் போடாதவருக்கு அந்த 62,000 அவர் பான் எண்ணுக்கான வரிக் கணக்கில் (26ஏஎஸ்) சும்மா கிடக்கும், கைக்கு வராது. வராத பணத்தைத் தள்ளுபடி என்று எழுதியிருக்கிறார்!

மன்னை மைனர்:
என் ரிட்டர்ன் என் பாடு. இந்த வருடம் போடுவேன். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், அவர் டி.சி.எஸ்.ஸில்தான் வேலை பார்க்கிறார்.

தஞ்சாவூர் தலையாட்டி:
அண்ணே, அது வேறு டி.சி.எஸ்., டாடா கம்பெனி.

மன்னை மைனர்:
தெரியும். நகைச்சுவைக்குச் சொன்னேன்.

காரைக்கால் காற்று:
தமிழ்நாட்டில் 62 லட்சத்துக்கு சாலை வரி 20 சதவீதம், 12,40,000. 2023 நவம்பருக்கு முன் 15 சதவீதமாக இருந்தது. இதை விட்டுவிட்டு அறுபதாயிரத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் பதிவு செய்தால் வரியே பாதிகூட வராது, இதைவிடப் பெரிய தள்ளுபடி எந்த ஷோரூமில் கிடைக்கும்?

கடைமடைக்காரன்:
ஆமாம், உங்கள் சித்தப்பா வீட்டு விலாசத்தில் எத்தனை நாகப்பட்டினம் கார் குடியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால் பதிவை மாற்ற வேண்டும். எல்லையில் வாஞ்சூர் செக்போஸ்டைத் தாண்டினால் ஓடி ஒளிகிற வண்டிக்கு லக்சுரி என்று பெயரா?

காரைக்கால் காற்று:
நான் காரைக்காலில் பிறந்து காரைக்காலில் இருக்கிறவன். என் வண்டி பி.ஒய். 02, என் ரேஷன் கார்டும் காரைக்கால். சித்தப்பாவை இழுத்தால் நானும் இழுப்பேன்.

குடந்தை கணக்கன்:
இரண்டு பேரும் சாலை வரிக்குத் தனி இழை தொடங்குங்கள். இது 62,000-க்கான இழை.

மன்னை மைனர்:
இவருக்கு என் மேல் தனிக் கடுப்பு, அது காரைப் பற்றியதே அல்ல. கஜா புயல் இழையிலும் இப்படித்தான். என் தோப்பில் 300 தென்னை சாய்ந்தது என்று எழுதினால், முன்பு 180 என்றீர்களே என்று பழையதைத் தோண்டி எடுத்து வந்தார். 2018 நவம்பரில் வந்து எண்ணிப் பார்த்தவரா இவர்? அன்று கேட்க நினைத்ததை இன்று கேட்கிறேன். ஏதாவது தில்லுமுல்லு நடந்தால் ஊரே "கும்பகோணம் வேலை" என்றுதான் சொல்கிறது, "மன்னார்குடி வேலை" என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரைச் சொன்னால் மதிலழகு என்பார்கள்.

குடந்தை கணக்கன்:
மதில் அழகுதான், உள்ளே கணக்குத்தான் சரியில்லை. 180 என்று எழுதியது நீங்கள், 300 என்று எழுதியதும் நீங்கள். அன்று தென்னை, இன்று தள்ளுபடி. ஊர்ப் பெயரை இழுத்ததற்கு மட்டும் பதில் தரவில்லை, அது என் தராதரம். மகாமகத்துக்குக் குளிக்க வரும்போது மட்டும் எங்கள் ஊர் புனிதம், 2028-இல் பார்க்கலாம். அந்த வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றும் பார்க்கலாம்.

திருவையாறு அக்கா:
ஒரு நிமிடம். எனக்கு ஒன்று இடிக்கிறது. மைனர் சார், பில்லிலேயே மூன்றரை லட்சம் குறைத்தார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் பில் தொகை 58,50,000. டி.சி.எஸ். பில் தொகைக்குத்தானே ஒரு சதவீதம்? 58,500 வந்திருக்க வேண்டும். 62,000 பிடித்திருந்தால் பில் 62 லட்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஆகிறது. அந்த மூன்றரை எங்கே? பில்லிலேயே குறைத்தால் ஜி.எஸ்.டி.யும் குறைந்த விலைக்குத்தான் வரும். 40 சதவீதத்தில் பார்த்தால் மூன்றரையில் இரண்டரை டீலருடையது, ஒரு லட்சம் வரி. பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்.

தஞ்சாவூர் தலையாட்டி:
அக்கா!!!

குடந்தை கணக்கன்:
இதைத்தான் நான் அடுத்த பதிவில் எழுதுவதாக இருந்தேன், படிப்படியாகப் போகலாம் என்று விட்டு வைத்திருந்தேன். முதல் பதிவிலேயே "கூட்டலில் தப்பில்லை" என்றுதான் சொன்னேன், கழித்தல் சரி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

கடைமடைக்காரன்:
22 வருடம் ஆடிட்டர் ஆபீசா, ஆடிட்டர் ஆபீஸுக்கு எதிர் டீக்கடையா?

மன்னை மைனர்:
பில் பீரோவில் இருக்கிறது, சாவி வீட்டம்மா கையில், வீட்டம்மா பெண் வீட்டுக்குப் போயிருக்கிறார். 62,000 என்று நான் தோராயமாக எழுதியிருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மனிதனை இப்படியா கூட்டம் சேர்த்து அடிப்பது? மூன்றரை பில்லில் குறைத்தார்களோ, தனியாகக் கிரெடிட் நோட் (பில்லுக்குப் பிறகு தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கொடுத்தார்களோ, எனக்கு வந்ததா இல்லையா, அதுதான் பேச்சு. வந்தது.

குடந்தை கணக்கன்:
தோராயமா! ஏழு லட்சம் என்று ரூபாய் பிசகாமல் கூட்டி வந்தபோது எதுவும் தோராயம் இல்லையே. 58,500 என்றால் மொத்தம் 6,96,500 தானே வரும், அதை ஏழு என்று எழுதியது யார்? சரி, மூவாயிரத்து ஐந்நூறை விடுகிறேன். கிரெடிட் நோட்டையும் விடுகிறேன். 62 ஆக இருந்தாலும் 58 ஆக இருந்தாலும் டி.சி.எஸ். தள்ளுபடி இல்லை, அதை ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுப் போங்கள்.

மன்னை மைனர்:
எழுத மாட்டேன். சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருக்கிறது, மிஷின் வயலில் நிற்கிறது, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு ஈரப்பதம் பார்க்கிற ஆளுக்காகக் காத்திருக்கிறேன். உங்களை மாதிரி எனக்குப் பொழுது சும்மா கிடக்கவில்லை. முடிந்ததும் பில்லைப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

கடைமடைக்காரன்:
தென்னை போட்டோவும் அப்படித்தான் சொன்னீர்கள்.

புது வண்டி தம்பி:
வணக்கம், போன வாரம் கேள்வி கேட்டவன் நான்தான். சனிக்கிழமை கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், தலை சுற்றுகிறது. 55 லட்சம் வண்டிக்கு முதலில் எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்?

காரைக்கால் காற்று:
தம்பி, காரைக்காலில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?

குடந்தை கணக்கன்:
தம்பி, அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். டி.சி.எஸ். தள்ளுபடியா, இல்லையா?