தலைமைத்துவப் பயிலரங்கில் நடன, நாடக அனுபவம்: எங்கே தவறினேன்?

மேடைவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 16 ஆண்டுகளாகப் பரதநாட்டியம் ஆடியும் கற்பித்தும் வருகிறேன். தமிழ் மேடை நாடகங்கள் சிலவற்றிலும் நடித்திருக்கிறேன். பெரியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கான ஏசிஎல்பி சான்றிதழை முடித்த பிறகு, கப்பல் பட்டறை ஒன்றில் புதிதாகப் பதவி உயர்வு பெற்ற 22 மேற்பார்வையாளர்களுக்கு அரைநாள் தலைமைத்துவப் பயிலரங்கு நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. குரற்பயிற்சி, முகபாவம், இருவர் எதிரெதிரே நின்று கண்ணாடியில் தெரிவதுபோல் ஒருவர் அசைவை மற்றவர் செய்து காட்டுவது என்று பலவற்றைச் செய்ய வைத்தேன். தமிழர், சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷ் நாட்டினர் எனக் கலந்திருந்த குழு மொழித் தயக்கம் மறந்து சிரித்தது. கருத்துப் படிவங்களிலும் பாராட்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து மனிதவள அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்றும், ஆனால் அன்று கற்றதை வேலையில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றும் கூறினார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு வருத்தம் கூடுதலாக இருக்கிறது. இம்முறை முழுநாள் நடத்த மீண்டும் அழைத்திருக்கிறார்கள். கலையைக் குறைத்துக்கொண்டு வழக்கமான விளக்கப்படங்களுக்குத் திரும்ப வேண்டுமா, அல்லது நான் கலையையே தவறாகப் பயன்படுத்தினேனா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.

ஜூரோங் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் கலையைக் குறைக்க வேண்டியதில்லை. பயிற்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். 10 நிமிட விளையாட்டு ஒன்றைச் செய்ய வைத்தால், அதைப் பற்றிப் பேச 20 நிமிடமாவது ஒதுக்குங்கள். என்ன கவனித்தீர்கள், எந்த நொடியில் உங்கள் உடல் இறுகியது, இதே நிலை பட்டறையில் என்றைக்கு வந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், சிரிப்பில் தொடங்கியது அவர்களுடைய வேலையில் வந்து நிற்கும். அந்த உரையாடல் நடக்காத அறையில் எவ்வளவு நல்ல பயிற்சியும் பொழுதுபோக்காகவே முடிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் உதவுவது, லண்டன் ராயல் கோர்ட் அரங்கிலும் பின்னர்க் கனடாவின் கல்கரி நகரிலும் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன் நடிகர்களுக்காக உருவாக்கிய ‘நிலை’ பற்றிய பயிற்சி. பதவி என்பது ஒருவருக்குக் கொடுக்கப்படுவது. நிலை என்பது அவர் ஒவ்வொரு நொடியும் உடலாலும் குரலாலும் எடுத்துக்கொள்வது. பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பவர் உயர்ந்து தெரிகிறார். முகத்தைத் தொட்டுக்கொண்டே பேசுபவர் தாழ்ந்து தெரிகிறார். நான் சீட்டுக்கட்டைப் பயன்படுத்துவேன். ஒவ்வொருவரும் தம் சீட்டைப் பார்க்காமல் நெற்றியில் பிடித்துக்கொண்டு அறையில் நடக்க வேண்டும். எதிரே வருபவரை அவர் சீட்டின் மதிப்புக்கு ஏற்ப நடத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, தம் மதிப்பை ஊகித்து வரிசையில் நிற்கச் சொன்னால், பெரும்பாலும் சரியான இடத்திலேயே நிற்கிறார்கள். மிகக் குறைந்த மதிப்புள்ள இரண்டாம் எண் சீட்டை வைத்திருந்தவரிடம் அந்த ஐந்து நிமிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அதன் பிறகு, காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றித் தொழிலாளர்களிடம் பேசும் டூல்பாக்ஸ் கூட்டத்தின் முதல் இரண்டு நிமிடத்தை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். தொழிலாளி புரியாமலேயே ஏன் தலையாட்டுகிறார் என்பதை அப்போது நீங்கள் விளக்கவே தேவை இருக்காது.

கூத்துரசிகன் எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இதற்கான முன்மாதிரி நம் மரபிலேயே இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் வருகையை அறிவிக்கிறான், அவனையே குறுக்குக் கேள்வி கேட்கிறான், கதையில் நடப்பதை ஊராரின் பேச்சுமொழியில் அவர்களுக்குச் சொல்கிறான், ஆட்டம் தொய்ந்தால் தூக்கி நிறுத்துகிறான். இவ்வளவும் செய்தும் கிரீடம் மட்டும் அவன் தலைக்கு வருவதில்லை. பயிலரங்கை நடத்துபவர் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். உங்களைப் போன்ற கலைஞர்களுக்கு இது எளிதன்று, ஏனெனில் பார்வையைத் தம்மேல் ஈர்ப்பதற்கே பல ஆண்டுகள் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த மன்ற அரங்கிலும் இத்தகைய ஒருவர் உண்டு. அவரை ஜோக்கர் என்பார்கள். சிக்கல் தீராமல் முடியும் சிறு காட்சி முதலில் நடிக்கப்படும். மீண்டும் நடிக்கும்போது பார்வையாளர் எவரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, சிக்கலில் மாட்டியவரின் இடத்துக்கு வந்து வேறுவிதமாக முயன்று பார்க்கலாம். சிங்கப்பூரில் தி நெசசரி ஸ்டேஜ் குழு 1993இல் இவ்வடிவத்தை மேடையேற்றியது. 1994 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் மன்ற அரங்குக்குத் தேசியக் கலைகள் மன்றம் நிதி வழங்கவில்லை. பார்வையாளர் என்ன சொல்வார் என்பது முன்கூட்டித் தெரியாத வடிவம் இது. அதன் வலிமையும் அதுவே. உங்கள் மேற்பார்வையாளர்கள் பட்டறையில் உண்மையாகச் சந்திக்கும் ஒரு சிக்கலை, எடுத்துக்காட்டாக, வயதில் மூத்த தொழிலாளி பாதுகாப்பு வார் மாட்ட மறுப்பதை, ஐந்து நிமிடக் காட்சியாக்குங்கள். நான்கு பேர் நான்கு விதமாக முயன்ற பிறகு உங்கள் கருத்தைச் சொல்லலாம். அதற்கு முன் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் தாதி எழுதியது:

நான் பங்கேற்பாளராக இருந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற பயிலரங்கில், அண்மையில் உங்களைக் கோபப்படுத்திய நிகழ்ச்சியை நடித்துக் காட்டுங்கள் என்றார்கள். எங்கள் மேலாளர் அதே அறையில் அமர்ந்திருந்தார். என் தோழி நடிக்கத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டாள்; பயிற்றுநர் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அந்தப் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவள் நான் என்பதால், அந்த அறையில் திறந்ததை யாரும் மூடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே சொந்தக் கதையைக் கேட்காதீர்கள். கூத்துரசிகன் ஐயா சொன்னதுபோல் பொதுவான காட்சியாகவே இருக்கட்டும். நடிக்க விரும்பாதவர் கவனிப்பவராக இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடித்தவர் இருக்கைக்குத் திரும்பும் முன் வேடம் கலைக்க ஒரு நிமிடம் கொடுங்கள். தன் பெயரைச் சொல்லி, அந்தப் பாத்திரத்திலிருந்து தான் எவ்வாறு வேறுபட்டவர் என்று ஒரு வாக்கியம் சொன்னாலே போதும்.

மேடைவிளக்கு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டியங்காரனைப் பற்றி வாசித்தபோது எனக்கு நட்டுவாங்கம் நினைவுக்கு வந்தது. மேடை ஓரத்தில் அமர்ந்து, ஆடுபவரின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தாளம் பிடிக்கும் அந்த வேலையை நான் என் மாணவிகளுக்காகப் பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் பயிலரங்கில் அங்கே அமர வேண்டும் என்று தோன்றாமல், நானே நடுவில் நின்று ஆடியிருக்கிறேன்.

முழுநாளுக்கு இப்போது மூன்று பயிற்சிகளை மட்டுமே வைத்திருக்கிறேன்: காலையில் சீட்டுக்கட்டு, அதைத் தொடர்ந்து டூல்பாக்ஸ் கூட்டம், மதியத்துக்குப் பிறகு மன்ற அரங்குக் காட்சி. காட்சிக்கான சிக்கலை அறிந்துகொள்ள, அடுத்த வாரம் இரண்டு நாள் காலையில் பட்டறைக்கே சென்று டூல்பாக்ஸ் கூட்டத்தைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பிரிவு மேலாளர்கள் நாள் முழுதும் உடன் அமர்வதாக இருந்தது. தாதி சகோதரி எழுதியதை வாசித்த பிறகு அதிகாரியிடம் பேசினேன். கடைசி அரைமணி நேரத்துக்கு மட்டும் அவர்களை அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.