அக்காவின் உள்ளங்கால் மச்சம்: கன்ஃபோகல் ஸ்கேன் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

அக்காவின் உள்ளங்காலில் உள்ள மச்சம் சில மாதங்களாகப் பெரிதாகி, ஓரமும் கோணலாகிவிட்டது. தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப்பில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) சந்தேகம் தீரவில்லை. பயாப்ஸி (திசுவை வெட்டியெடுத்துப் பரிசோதிப்பது) செய்யச் சொல்கிறார். அதற்கு முன் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். லேசர் ஒளியில், தோலை வெட்டாமலே செல் அளவுக்குப் படம் காட்டும் கருவி அது. ஆனால் சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழம்வரைதான் தெரியும். உள்ளங்கால் தோலோ ரொம்பத் தடிமன். அங்கே படம் தெளிவாக விழுமா?

அப்புறம், மச்சத்தைப் படம்பிடித்தால் முடிவு சொல்லும் மொபைல் ஆப்களை அக்கா நம்புகிறார். அவற்றில் பல, வெளிர்நிறத் தோல் படங்களை வைத்தே பழக்கப்பட்டவை. எங்களுடையது கருமையான தோல். அதனால் எனக்கு நம்பிக்கை இல்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஸ்கேனை விட்டு நேரே பயாப்ஸிக்குப் போவதுதான் சரி என்றால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.