அந்தக் கோட்டுப் பொத்தான்: ‘டிராக் மீ டு ஹெல்’ பார்த்தவர்கள் வாருங்கள்

கடன்பிரிவு:
கதை ஒரு வரியில்: வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்க்கும் கிறிஸ்டின், கனுஷ் என்ற கிழவிக்கு அவகாசம் மறுக்கிறாள்; கிழவி அவளுடைய கோட்டுப் பொத்தானில் சாபம் ஏற்றுகிறாள்; லாமியா என்ற பேய் மூன்று நாள் வதைத்துவிட்டு அவளை நரகத்துக்கு இழுத்துப்போக வரும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாம் ரைமி 2009இல் எடுத்த படத்தை நான் பார்த்தது நாலு வருஷம் கழித்து, வங்கி வேலையில் சேர்ந்த புதிதில். எல்லாரும் லாமியாவைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னை விடாதது பேய் வருவதற்கு முந்தைய மேசைக் காட்சிதான்.

கனுஷ் கிழவி கிறிஸ்டினுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, நகமெல்லாம் அழுக்கு. பல்செட்டைக் கழற்றுகிறாள், கைக்குட்டையில் சளியைத் துப்புகிறாள், கிண்ணத்து மிட்டாயை அப்படியே பைக்குள் கொட்டிக்கொள்கிறாள். நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கடனுக்கு மூன்றாம் முறையாக அவகாசம் கேட்கிறாள். மேனேஜர் முடிவை கிறிஸ்டினிடமே விடுகிறார். உதவி மேலாளர் நாற்காலி காலி, அதில் கிறிஸ்டினுக்குக் கண். முடியாது என்கிறாள். கிழவி எல்லார் முன்னாலும் மண்டியிட்டதும் என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அதே வாரம் எங்கள் கிளையில் ஒரு அம்மா நகைக்கடனுக்கு ஒரு மாதம் தவணை கேட்டு வந்திருந்தார். ஏல நோட்டீஸ் போய்விட்டது, நான் விதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட வாங்கிய என் பேனாவுக்கு மூடியைத் தேடி எடுத்து மூடி, என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். படத்தைப் பார்த்த அன்று ராத்திரி முழுக்க அந்தப் பேனாதான் கண்ணுக்குள் நின்றது.

ஹாஸ்டல்_ராத்திரி:
பதினோரு பேர், ஒரு லேப்டாப். கார் நிறுத்துமிடச் சண்டை வந்ததும் கட்டிலே ஆடியது. பின்சீட்டிலிருந்து கிழவி எழுகிறாள், கிறிஸ்டின் ஸ்டேப்ளரை எடுத்து அவள் கண்ணிமையிலேயே அடிக்கிறாள்! அப்புறம் பல்செட் கழன்று விழ, வெறும் ஈறோடு கிழவி அவள் தாடையைக் கவ்வுகிறாளே, அங்கே ஒருத்தன் கீழேயே விழுந்துவிட்டான். அடுத்த நிமிஷம் கோட்டுப் பொத்தானைப் பிய்த்து, அதன்மேல் ஏதோ முணுமுணுத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். பதினோரு பேரும் கப்சிப். வயிறு குலுங்கச் சிரித்த மூச்சு அடங்குவதற்குள் பயம் வந்து உட்கார்ந்தது எனக்கு அந்த ஒரு படத்தில்தான்.

கிழவியின் அந்த மஞ்சள் ஓல்ட்ஸ்மொபில் ரைமியின் சொந்தக் கார். அவருடைய பழைய ‘ஈவில் டெட்’ படத்தில் வருவதும் அதே கார்தான். தெரிந்துகொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

பூனைவளர்ப்பவள்:
எனக்குப் பூனைக்குட்டிதான். “நான் சைவம், நாய்க்குட்டிக் காப்பகத்தில் சேவை செய்கிறேன்” என்று சொன்ன பெண், லாமியாவுக்குப் பலி கொடுக்க, ஒரே ராத்திரியில் கத்தியை எடுத்துக்கொண்டு தன் பூனைக்குட்டியை “வா, வா” என்று கொஞ்சிக் கூப்பிடுகிறாள். அந்தக் கொஞ்சல் குரல்! என் பூனையை நானும் அதே குரலில்தான் கூப்பிடுவேன். மடியில் படுத்திருந்ததை இறக்கி விட்டுவிட்டு மீதிப் படத்தைப் பார்த்தேன்.

ஆனால் கடன்பிரிவு சகோ, உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கிழவி பாவம், கிறிஸ்டின் குற்றவாளி என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அவள் பண்ணையில் வளர்ந்த பெண். கிராமத்து உச்சரிப்பு போகவேண்டும் என்று காரில் ஒலிநாடா போட்டுப் பேசிப் பழகுகிறாள். காதலனின் அம்மா அவளை மதிப்பதே இல்லை. கூட வேலை பார்க்கும் ஸ்டூ, மேனேஜரைக் காக்கா பிடித்தே பதவியைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். “கடினமான முடிவு எடுக்கத் தெரியவேண்டும்” என்று அவள் காதில் ஓதியது மேனேஜர். சாபம் அவருக்குப் போகவில்லையே! மூன்று நாள் சித்திரவதை, அப்புறம் நித்திய நரகம். ஒரு கையெழுத்துக்கு இதுதான் தண்டனை என்றால் அது நியாயமே இல்லை. நியாயம் இல்லாததால்தான் படம் பயமுறுத்துகிறது என்பது என் கட்சி.

கடன்பிரிவு:
குற்றவாளி என்று நான் சொல்லவில்லை சகோதரி. பிறகு ஒரு இடத்தில் கிறிஸ்டின், மேனேஜர்மேல் பழியைப் போட்டுப் பேசுகிறாள். நானும் வீட்டில் “மேலிடத்து விதி” என்றுதான் சொன்னேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒலிப்பித்தன்:
நான் தனியாகப் பார்த்தேன், சமையலறைக் காட்சியில் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கரண்டி மாட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனிமேல் பார்ப்பவர்கள் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் மாட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கரையும் காதுக்கு நேராக வையுங்கள். லாமியாவை ரைமி பெரும்பாலும் காட்டுவதே இல்லை. கதவிடுக்கில் குளம்பின் நிழல், காற்று, தொங்கும் பாத்திரங்கள் உரசும் சத்தம், இவ்வளவுதான். சத்தம் இடப்பக்கம் தொடங்கி உங்கள் பின்னால் நகர்வதை உணரவேண்டும். இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் யங்கின் வயலினை முடிவு எழுத்துகள் ஓடும்போது தனியாகக் கேளுங்கள். விளக்கை அணையுங்கள், ஆனால் சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். விருந்துக் காட்சியில் கேக்குக்குள் கண் முழிக்கும். டிஸ்கில் இரண்டு வடிவம் இருக்கிறது. முதலில் தியேட்டர் வடிவத்தையே பாருங்கள், பூனைக் காட்சியில் ரத்தம் குறைவு. ஆட்டுக்கிடா பேசும் ஆவிக்கூட்டத்தில் யாராவது சிரித்தால் அதட்டாதீர்கள், அங்கே சிரிக்கத்தான் வேண்டும்.

கடன்பிரிவு நண்பருக்கு ஒன்று. அந்த அம்மாவின் முகவரி பழைய கோப்பில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் பழம் வாங்கிப் போங்கள், வங்கியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

கடன்பிரிவு:
கிளை மாறி எட்டு வருஷம் ஆகிவிட்டது. கோப்பு அங்கே இருக்கிறது.

மொய்க்கவர்:
கடைசிக் காட்சியை யாருமே சொல்லவில்லையே! பொத்தானை வேறு யாருக்காவது கொடுத்தால் சாபமும் அவரோடு போய்விடும். அதனால் கிறிஸ்டின் மழையில் செத்துப்போன கிழவியின் கல்லறையைத் தோண்டி, பிணத்தின் வாயில் பொத்தான் இருப்பதாக நினைத்த கவரைத் திணித்துவிட்டு, விடிந்ததும் புதுக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வருகிறாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அப்போது காதலன் கிளே சாதாரணமாக, “உன் பொத்தான் என் காரில் கிடந்தது” என்று நீட்டுகிறான். அவள் பின்வாங்கிய அந்த அடி இருக்கிறதே, நானும் அக்காவும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றோம். கவர் மாறிவிட்டது. பிணத்தின் வாயில் இருந்தது அவள் முன்பு அவனுக்குக் கவரில் போட்டுக் கொடுத்த பழைய நாணயம்.

தண்டவாளம் பிளந்து அவள் இறங்கிப் போவதைவிட, பொத்தானோடு நிற்கும் கிளேயின் உள்ளங்கைதான் எனக்கு மறக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போனால் கவரில் ஐந்நூறு ரூபாய்த் தாளோடு ஒரு ரூபாய்க் காசும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படம் பார்த்ததிலிருந்து ஒட்டிய கவரை மண்டபத்து வாசல் விளக்கில் பிடித்து, உள்ளே வட்டமாகத் தெரிவதில் நாலு ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். அக்காவும் அப்படித்தான்.