24 எண்களில் ஒன்றைச் சார்பின்றி எடுக்க ஒரு முறை தேவை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கோயில் சங்கத்தில் வெள்ளிதோறும் பூஜை முடிந்ததும் 24 குடும்பங்களுக்கிடையே ஒரு மூட்டை அரிசிக்குக் குலுக்கல் நடத்துகிறோம். சென்ற வாரம் வென்றவருக்கும் இந்த வாரம் சம வாய்ப்பு உண்டு என்பது விதி. ஆனால் ஒரே எண் மீண்டும் வந்தாலே தில்லுமுல்லு என்று முணுமுணுக்கிறார்கள். பத்து வாரங்களுக்குள் ஏதேனும் ஓர் எண் திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு என்று கணக்குப் போட்டுக் காட்டியும் பயனில்லை.

மனத்தில் தோன்றும் எண்ணைச் சொல்லச் சொன்னபோது 7, 17 என்றே குவிந்தன. 1, 20, 24 ஆகியவற்றை எவரும் தொடவில்லை, முந்தைய வாரத்து எண்ணை மறந்தும் சொல்லவில்லை. குடத்தில் சீட்டுப் போட்டால், கடைசியாகப் போட்டது மேலேயே கிடக்கிறது என்கிறார்கள். அது வீண் சந்தேகமும் அன்று: 1969 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்துக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளை வைத்து நடத்திய குலுக்கலில், சரியாகக் கலக்காததால் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களே முன்வரிசையில் அதிகம் அகப்பட்டார்கள். மடிக்கணினியில் எக்செலில் இரு எண்களுக்கிடையே ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) சூத்திரத்தை வைத்தால், வேறு கட்டத்தில் எதைத் தட்டினாலும் வந்த எண் மாறிவிடுகிறது. பிறகு யார் நம்புவார்?

கூடியிருக்கும் பெரியவர்கள் கண்ணெதிரே சரிபார்க்கக்கூடியதாகவும், 24 எண்களுக்கும் சம வாய்ப்புத் தருவதாகவும், கணினி இல்லாமலே செய்யக்கூடிய முறை எது?